கண்ணாடிக்காரரும் பூட்டுப் போட்ட பக்கமும்

கண்ணாடிக்காரர் தன் மச்சானுக்கு நாலாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. மனைவியின் அண்ணன் என்ற உறவை நம்பிக் கிடைத்த பணம். வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதாமாதம் கட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். உறவில் வாங்கினால் அந்தக் கொடுப்பினை இல்லை. மச்சான் ஒரு நாளும் வாய் திறந்து பணத்தைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம் மாப்பிள்ளை, தொழில் எப்படிப் போகுது?" என்று மட்டும் விசாரிப்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் நாலாயிரமும் வரிசை கட்டி நிற்பது இவருக்குத் தெரியும்.

"தொழிலா? பிச்சுக்கிட்டுப் போகுது மச்சான். வர்ற ஆர்டரை வேண்டாம்னு சொல்லவே நேரம் பத்தல."

சொன்னதில் பாதி நிஜம். வேலைக்குக் குறைவில்லை. செய்த வேலைக்குக் கூலி வந்து சேரவில்லை என்பதுதான் மீதிப் பாதி. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

அவர் ஜன்னல் துடைப்பவர். ஆனால் 'ஜன்னல் துடைக்கிறவர்' என்று யாராவது சொன்னால் திருத்துவார். "துணி வெச்சிருக்கறவன் எல்லாம் துடைக்கலாம். நான் கண்ணாடிக்காரன்." ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு வாளியும் இரண்டு துணியும்தான். கடை வாசல் கண்ணாடிகளில் தொடங்கினார். பிறகு ஏணி, பிறகு பழைய வேன், பிறகு கயிற்றில் தொங்கும் மேடை. பட்டம் வாங்கினவர்கள் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் உயரத்தில் நின்றுகொண்டு மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் துடைத்த கண்ணாடியில் ஒரு கோடு தெரியாது. தெரிந்தால் அது துடைத்தவரின் குற்றமல்ல, பார்ப்பவரின் மூக்குக்கண்ணாடியில் இருக்கும் கோடு என்று அடித்துச் சொல்வார். சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர்கள் தங்கள் மூக்குக்கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டார்கள்.

மச்சானிடம் வாங்கிய நாலாயிரம் போன இடம் அவருடைய வேனின் பின்பக்கம். உப்பு நீக்கிய தண்ணீரை நீளக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றும் எந்திரம் அது. தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் பொட்டுக் கறை நிற்காது. எந்திரம் வந்த பிறகுதான் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று அவர் கைக்கு வந்தது. கீழ் மாடிகளுக்குக் கம்பம், மேல் மாடிகளுக்கும் தெருப் பக்கத்துக்கும் தொங்கும் மேடை. மாதம் ஒரு முறை சுற்றிலும் துடைத்துவிட்டு, பில்லைக் கணக்குப் பிரிவு அம்மாளின் கையில் கொடுத்தால் பணம் வங்கிக்கு வந்துவிடும். அந்த அம்மாளுக்கு இவர் வைத்த பெயர் கணக்கம்மா.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்கம்மா பில்லைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். இனிமேல் காகிதம் கிடையாது. கம்பெனி பாதுகாப்பான இணையதளம் ஒன்று தொடங்கியிருக்கிறது. வேலை செய்து கொடுப்பவர்கள் எல்லாரும் அதில் நுழைந்து, பில்லை அவர்களே ஏற்ற வேண்டும். மேலிடத்து உத்தரவு.

"இவ்வளவுதானே? நான் கம்ப்யூட்டரையே கரைச்சுக் குடிச்சவன்" என்று சொல்லிவிட்டு வந்தார் கண்ணாடிக்காரர்.

இதுவும் பாதி நிஜம். அந்த ஊர் மொழியை அவர் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். பேரம் பேசுவார், சண்டை போடுவார், தொலைபேசியில் மணிக்கணக்கில் கதை அளப்பார். படிக்க மட்டும் வராது. கடைப் பலகையைக் கூட எழுத்துக் கூட்டிப் படிக்காமல் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். இந்தக் குறையைப் பல வருடம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லியே ஓட்டினார். அவரிடம் மூக்குக்கண்ணாடி என்று ஒன்று இருந்ததே இல்லை.

அப்போதுதான் பிரவுசரில் மொழிபெயர்ப்பு வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பக்கம் முழுக்கத் தமிழ். வேன் காப்பீட்டுக் காகிதம், மின்கட்டண அறிவிப்பு, எந்திரத்தின் விளக்கக் குறிப்பு எல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் வந்து நின்றன. புரியாத தமிழிலும் சில சமயம் வந்தன. அதைக் குறையாகச் சொல்ல மாட்டார். முதல் முறை பார்த்த அன்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திறந்து மனைவிக்குக் காட்டினார்.

"எனக்காக ஒரு உத்தியோகஸ்தனைச் சம்பளம் இல்லாம உள்ள உட்கார வெச்சிருக்காங்க, பாத்தியா?"

"சம்பளம் இல்லாம எவன் வேலை பாப்பான்? எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் பாப்பான்" என்றார் மனைவி. அவர் ஒரு பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி வைக்கும் வேலையில் இருந்தார். எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அந்த வேலையின் பழக்கம்.

கண்ணாடிக்காரர் தெரிந்தவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பெருமை அடித்தார். கம்பெனியின் இணையதளம் அந்தப் பெருமையில் கை வைத்தது.

முதலில் அவர் செய்தது, தெரிந்த ஒரு மொழிபெயர்ப்புத் தளத்துக்குப் போய்க் கம்பெனித் தளத்தின் முகவரியை அதில் ஒட்டியது. மற்றப் பக்கங்களுக்கெல்லாம் அந்த வழி நன்றாகவே வேலை செய்திருந்தது. இங்கேயும் முகப்பு தமிழில் வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் கதவு முகத்தில் அறைந்தாற்போல் மூடிக்கொண்டது. மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் மூடியது. எங்கோ கண்காணாத இடத்திலிருந்து யாரோ இவர் பெயரில் நுழையப் பார்க்கிறார்கள் என்று தளம் நினைத்து, கணக்கையே முடக்கிவிட்டது. மொழிபெயர்ப்புத் தளம் நடுவில் நின்று இவருக்காகக் கதவைத் தட்டியிருக்கிறது. காவல் உள்ள வீட்டில் இன்னொருவரை விட்டுத் தட்டச் சொன்னால் யார் திறப்பார்கள்?

தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தி, கெஞ்சி, நகைச்சுவையாகப் பேசி, கணக்கைத் திறக்கவைத்தார். வாய் இருக்கும் இடத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது.

அடுத்த முறை நேராகவே நுழைந்தார். உள்ளே போன பிறகு பிரவுசரின் மொழிபெயர்ப்பைத் தட்டினார். பக்கம் தமிழானது. என்ன வேலை, எந்த மாதம், எவ்வளவு தொகை, எந்த வங்கிக் கணக்கு என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். கடைசியில் 'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தான். அழுத்தினார். அசையவில்லை. ஓங்கி அழுத்தினார். சக்கரம் ஒன்று சுற்றியது, சுற்றியது, நிரப்பியதெல்லாம் துடைத்தாற்போல் போய்ப் பக்கம் மொட்டையாக நின்றது.

கடவுச்சொல்லை மாற்றினார். வேறு பிரவுசரை ஏற்றினார். பில்லை மறுபடி அழகாகப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கையைக் கழுவிவிட்டு வந்துகூட அழுத்திப் பார்த்தார். இப்படியே அந்த மாதப் பில் நின்றது. அடுத்த மாதமும் கட்டடத்தைத் துடைத்தார், அந்தப் பில்லும் நின்றது. மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சமயத்தில்தான் மச்சானின் முழங்கால் படுத்தது. மச்சான் பஸ் ஓட்டுநர். வருடக்கணக்கில் மிதித்த கால். அறுவைச் சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. பிறகு சில மாதம் வீட்டில்தான் இருக்க வேண்டும், அதுவரை முழுச் சம்பளம் வராது. இந்தச் செய்தியையும் மச்சான் பணத்தின் பேச்சு எடுக்காமலே சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மட்டும் வாசலில் நின்று, "உங்களுக்கு ஏதாவது கம்ப்யூட்டர் வேலைன்னா என் பொண்ணை அனுப்பறேன் மாப்பிள்ளை. அவ இதெல்லாம் ஊதித் தள்ளிடுவா" என்றார்.

"எனக்கா? நான் நாலு பேருக்குச் சொல்லித் தர்றேன் மச்சான்."

வண்டி தெருமுனை திரும்பியதும் மனைவி பிடித்துக்கொண்டார்.

"அவ வந்து உட்கார்ந்தா அரை மணி நேர வேலை. ஏன் வேண்டாம்னீங்க?"

"அவ திறந்தா என்ன தெரியும்? மூணு பில்லும் அப்படியே தொங்கறது தெரியும். ராத்திரி சாப்பாட்டுல உங்க அண்ணன் காதுக்குப் போகும். தொழில் பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு சொன்ன வாயி என்ன ஆவறது?"

"வாயி பிழைச்சுக்கும். காலு? எங்க அண்ணன் காலு?"

கம்பெனியின் அறிவிப்பு வேறு, மொழிபெயர்ப்பில் தமிழிலேயே, தெளிவாகவே சொல்லியிருந்தது: மாதக் கடைசிக்குள் ஏற்றாத பில்கள் அடுத்த ஒதுக்கீட்டுக்குத் தள்ளப்படும். அதாவது அரை வருடம். அதற்குள் மச்சான் காலை அறுத்து, கட்டுப் பிரித்து, நடந்தே வந்து வாசலில் நின்றுவிடுவார்.

கணக்கம்மாவை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று கட்டடத்துக்குப் போனார். வாசலில் புதுத் தடுப்பு. அட்டை காட்டினால்தான் திறக்கும். வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: வெளியாட்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கே வாங்குவது? அதே இணையதளத்தில்.

கண்ணாடிக்காரர் வெளியே வந்து நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். ஏழு மாடியும் அவர் துடைத்தது. உள்ளே போக மட்டும் வழியில்லை.

அந்த மாதத் துடைப்பு நாள் வந்தது. அவரும் கூட வேலை செய்பவரும் மேடையில் ஏறினார்கள். கூட வேலை செய்பவரின் பட்டப்பெயர் அவசரம். எந்தக் காரியத்துக்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் வந்தது. தெருப் பக்கத்தை மேல் மாடியிலிருந்து துடைத்துக்கொண்டே இறங்கினார்கள். அந்த வேலையில் எல்லாவற்றையும் கயிறு கட்டித்தான் மேலே கொண்டு போவார்கள், தண்ணீர் வழிக்கும் வைப்பர், தூரிகை, துணி வரைக்கும். கீழே யார் தலையிலும் எதுவும் விழக் கூடாது. அன்று கண்ணாடிக்காரர் தன் கைப்பேசியையும் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"போனை எதுக்கு அண்ணே கட்டியிருக்கீங்க? தொட்டா ஓடிடுமா?"

"வேலையைப் பாரு."

கண்ணாடிக்காரருக்குத் தொழிலில் இரண்டு விரதம் உண்டு. உள்ளே பார்க்கக் கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. உள்ளே இருப்பவர் அழுவார், தூங்குவார், சட்டையைச் சரி செய்வார், சண்டை போடுவார். துடைப்பவரின் கண் கண்ணாடியோடு நிற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. தன் ஏணிகளை விட, எந்திரத்தை விட, இதைத்தான் அவர் பெரிய சொத்தாக நினைத்தார்.

இரண்டாம் மாடியில் கணக்கம்மாவின் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. திறக்க முடியாத, சட்டத்தோடு இறுக்கி அடைத்த கண்ணாடி. அவர் தலை குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அந்தக் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். நுரையை வழித்தார். ஓரத்தைத் துணியால் ஒற்றினார். மேடையை இறக்கும் நேரம் வந்தும் பொத்தானில் கை வைக்கவில்லை.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல."

கை மடக்கித் தட்டினார்.

கணக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி பின்னால் உருண்டது. ஜன்னலுக்கு வெளியே மனிதத் தலையைப் பார்த்து, அது கண்ணாடிக்காரர் என்று அடையாளம் தெரிந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். பிறகு கைப்பேசியில் அந்தத் தளத்துக்குள் நுழைந்து, பில் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். உள்ளே இருப்பவருக்குத் தமிழ் எழுத்து எங்கே தெரியப் போகிறது? ஆனால் கட்டங்களின் அமைப்புத் தெரிந்தது. தினமும் பார்க்கும் பக்கம் அல்லவா? கண்ணாடிக்காரர் கட்டை விரலால் பொத்தானை அழுத்திக் காட்டினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். கையை விரித்து, உதட்டைப் பிதுக்கினார்.

கணக்கம்மா ஒரு காகிதத்தை இழுத்துப் பெரிய எழுத்தில் எதையோ எழுதித் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சாடை காட்டக் கண்ணை நோக்கிக் கை போனது. பாதியில் நிறுத்தினார். தலையை இட வலமாக ஆட்டினார். படிக்கத் தெரியாது.

இந்த ஊரில் அவர் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. தரையிலிருந்து இரண்டு மாடி உயரத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

கணக்கம்மாவின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. காகிதத்தைக் கீழே போட்டார். தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து, திரையை ஜன்னல் பக்கம் திருப்பினார். அங்கே பொத்தான் பச்சையாக இருந்தது. கண்ணாடிக்காரரின் கைப்பேசியில் அது தூசி படிந்த சாம்பல் நிறம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கம்மா கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து கைப்பேசியின் மேல் மூலையைச் சுட்டினார். முகவரி வரியின் ஓரத்தில் மொழிபெயர்ப்பைத் தட்டும் சின்ன அடையாளம். அதை விரலால் குத்திக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன் பெருக்கல் குறியாக வைத்தார்.

கண்ணாடிக்காரர் அதைத் தட்டி, பக்கத்தை அதன் சொந்த மொழிக்கே திருப்பினார். தமிழ் போனது. பொத்தான் பச்சையானது.

கண்ணாடித் தொழிலில் எல்லாரையும் ஏமாற்றும் கறை ஒன்று உண்டு. தேய்த்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது, மருந்து போட்டாலும் போகாது. கை ஓய்ந்த பிறகுதான் அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்களை இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாள் இல்லை. மூன்று மாதமாக அவரே அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு சுவர் நாட்காட்டியில் மாதக் கடைசியைச் சுட்டி, கையை விரைவாக ஆட்டினார்.

"அண்ணே" என்றார் அவசரம், "ஜெயில்ல ஆளைப் பார்க்க வந்த மாதிரி இருந்தது. யாரு உள்ள, யாரு வெளியன்னுதான் தெரியல."

"இறக்குடா மேடையை!"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து விளக்கினார். "ஜன்னலுக்கு நிறத்தாள் ஒட்டுவோம் இல்ல? திறக்கற ஜன்னலுக்குச் சட்டத்தையும் சேர்த்து ஒட்டிட்டா என்ன ஆகும்? பார்க்க அழகா இருக்கும், திறக்க வராது. அதான் நடந்திருக்கு. இது பூட்டுப் போட்ட பக்கம். அவங்க கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வருதான்னு பாக்குது. நம்ம ஆளு இடையில பூந்து பட்டியல், பொத்தான் எல்லாத்தையும் மாத்தி ஒட்டிட்டான். எவனோ கை வெச்சிருக்கான்னு அது கதவைச் சாத்திடுது."

"சம்பளம் இல்லாத உத்தியோகஸ்தன்" என்றார் மனைவி.

"சரி, சரி."

"இப்ப தமிழ் இல்லாம எப்படி நிரப்புவீங்க?"

அதற்கும் வழி வைத்திருந்தார். மனைவியின் கைப்பேசியில் தமிழ்ப் பக்கம், கம்ப்யூட்டரில் சொந்த மொழிப் பக்கம். அவர் வாசிக்க, இவர் நிரப்ப. கைப்பேசியில் நுழைந்த உடனே கம்ப்யூட்டர் இவரை வெளியே தள்ளியது. கம்ப்யூட்டரில் நுழைந்தால் கைப்பேசி வெளியேறியது. ஒரு பெயருக்கு ஒரு கதவுதான்.

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உட்காரப் பாக்கறோம்" என்றார் மனைவி.

கண்ணாடிக்காரர் தாடையைச் சொறிந்தார். பக்கத்தின் மேல் கை வைத்தால்தானே அதற்குக் கோபம் வருகிறது? கை வைக்காமல் எட்ட நின்று பார்த்தால்? கைப்பேசியின் கேமராவைத் திறந்து, மொழிபெயர்க்கும் வசதியைப் போட்டு, கம்ப்யூட்டர் திரைக்கு நேராகப் பிடித்தார். கைப்பேசிக்குள் திரை தமிழில் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பச்சைப் பொத்தான் பச்சையாகவே இருந்தது.

"பாத்தியா! எவனுக்குத் தோணும் இது?"

"தோணினவரு முதல்ல நுழையுங்க."

மனைவி கைப்பேசியைப் பிடித்தார். இவர் விசைகளைத் தேடித் தேடி அழுத்தினார்.

"ஆட்டாதே."

"நான் ஆட்டல. உங்க மூச்சுதான் ஆட்டுது. மேல ரெண்டாவது கட்டம், வேலை வகை. இல்ல, அது இல்ல, கீழ. 'கட்டடப் பராமரிப்பு'ன்னு வருது. அதேதான்."

வங்கிக் கணக்குக் கட்டம் வந்தபோது மனைவி கைப்பேசியைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

"இது எங்க போய்ப் படிச்சுட்டு வந்து சொல்லுது?"

"எங்கேயோ ஒரு மெஷின்ல. படம் அங்க போகும், தமிழ் இங்க வரும்."

"அப்ப நம்ம பேங்க் நம்பரும் அங்க போகுமா?"

கண்ணாடிக்காரர் விசைகளிலிருந்து கையை எடுத்தார். இத்தனை நாள் வேன் காப்பீடு, மின்கட்டணம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் பெருமையாக அந்த மெஷினுக்குக் காட்டியிருக்கிறார். தான் உள்ளே பார்க்காத மனிதர் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். தன் ஜன்னலுக்கு வெளியே நின்று யார் உள்ளே பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நல்ல மெஷின்தான். எடுத்து வெச்சுக்குமா வெச்சுக்காதான்னு எனக்குத் தெரியாது" என்றார், குரல் இறங்கி.

"தெரியாதுன்னா மூடிட வேண்டியதுதான். எங்க கிளினிக்ல சந்தேகம்னா மறுபடி கழுவுவோம்."

மனைவி எழுந்து போய், வேனுக்குக் கொண்டு போகும் துடைப்புத் துணி ஒன்றை மடித்துக்கொண்டு வந்து, திரையில் வங்கிக் கட்டத்தின் மேல் தொங்கவிட்டார். இவர் துணியைத் தூக்கி எண்ணைத் தட்டிவிட்டு, துணியை இறக்கினார். அதன் பிறகுதான் கேமரா மறுபடி ஏறியது.

இரண்டாவது பில்லின் நடுவில் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்து வந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"போச்சு. மறுபடி தூக்கி எறியப் போகுது."

மனைவி கைப்பேசியை நெருக்கிப் பிடித்து வாசித்தார். "'நீங்கள் இன்னும் அங்கே இருக்கிறீர்களா?'ன்னு கேக்குது."

"என்ன சொல்றது?"

"இருக்கோம்னு சொல்லுங்க. எங்க போயிட்டோம்? மூணு மாசமா இங்கதானே இருக்கோம்."

இருக்கிறோம் என்ற பொத்தானை அழுத்தினார். பக்கம் பொறுத்துக்கொண்டது. மூன்றாவது பில்லும் ஏறியது. கடைசிப் பொத்தானை அழுத்தும்போது அவர் ஓங்கவில்லை, விரலை வைத்தார். சக்கரம் சுற்றியது. பச்சைக் குறி ஒன்று வந்து நின்றது. பக்கத்தில் அவருக்குத் தெரியாத எழுத்தில் ஒரு வரி.

"படி, படி!"

"'உங்கள் மூன்று ஆவணங்களும் பெறப்பட்டன.'"

"இன்னொரு தடவை படி."

இன்னொரு தடவையும் அதையே படித்தார் மனைவி. கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெருமை வந்து விழ வேண்டும். விழவில்லை. "உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போறாரு?" என்று மட்டும் கேட்டார்.

பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தது மச்சான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். கண்ணாடிக்காரர் வேலையைப் பாதியில் அவசரத்திடம் விட்டுவிட்டு வங்கிக்கு ஓடினார். சாயங்காலம் மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் கூடத்தில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிப் பை தயாராகச் சுவரோரம் நின்றது.

"வாங்க மாப்பிள்ளை. இந்த நேரத்துல வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க!"

கண்ணாடிக்காரர் உட்காரவில்லை.

"மச்சான், நான் சொல்லிக்கிட்டிருந்தது முழுசும் நிஜமில்ல. மூணு மாசமா அந்தக் கட்டடத்துப் பணம் வரல. அவங்க வெப்சைட்ல எனக்கு நுழையத் தெரியல."

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"எப்படித் தெரியும்?"

"தொழில் நல்லா போனா நீங்க பத்து நிமிஷம் பேசுவீங்க. மூணு மாசமா ஒரே வரியில முடிச்சுடறீங்க."

கண்ணாடிக்காரர் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தார். மச்சான் கையை ஆட்டித் தடுத்தார்.

"அட, இதைத் தூக்கிட்டு அலையணுமா? போன்லயே பேங்க்ல போட்டிருக்கலாமே."

"இன்னொரு வெப்சைட்டா? ஆளை விடுங்க மச்சான். கையை நீட்டுங்க."

மச்சான் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்து நீட்டினார். பெரிய கை, பஸ் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. கண்ணாடிக்காரர் ஒவ்வொரு நோட்டாக உருவி, மடிப்பை நீவிவிட்டு, அந்தக் கையில் வைத்தார். வைக்கும்போது வாய்விட்டு எண்ணினார். எண் அவருக்கு எந்த ஊரிலும் தமிழில்தான் வரும். மச்சானின் விரல்கள் நோட்டுகளின் மேல் மடங்காமல் விரிந்தே இருந்தன, கடைசி நோட்டும் வந்து விழுந்து நாலாயிரம் நிறையும்வரை.